"ஒரு வயசுல நடக்கணும்" என்று யார் சொன்னது?

என் மகளுக்கு 14 மாதம் முடிந்தபோது அவள் நடக்கவில்லை. தவழவும் இல்லை. உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பால் சறுக்கிச் சறுக்கி வீடு முழுக்கப் போய்வருவாள். ஹாலிலிருந்து சமையலறைக்கு அவள் வரும் வேகத்தைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "இன்னும் நடக்கலையா? நம்ம வீட்டுல எல்லாப் பிள்ளையும் ஒரு வயசுல நடந்துருச்சே" என்றார் என் அத்தை. அம்மா ஊரிலிருந்து நடைவண்டி ஒன்று வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டார். ராத்திரி குழந்தை தூங்கியதும் என் மனைவி போனில் வளர்ச்சிப் பட்டியல்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 4 மாதம் குப்புற விழும், 6 மாதம் உட்காரும், 9 மாதம் தவழும், 12 மாதம் நடக்கும். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான்.

எனக்கு வேலையில் பழகிப்போன ஒரு பழக்கம் உண்டு. ஒரு டாஷ்போர்டில் ஒரு எண் சிவப்பாக எரிந்தால், பதறுவதற்கு முன்னால், இந்த எண் எங்கிருந்து வருகிறது, எதை அளந்து வருகிறது என்று தோண்டிப் பார்ப்பேன். அதே மாதிரி இந்த "12 மாதம்" எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். அப்போது எடுத்த குறிப்புகளோடு, பிறகு படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம்மிடம் இருந்த பட்டியல்

குழந்தையின் வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிது இல்லை. பள்ளியில் பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குப் பத்துப் பருவங்கள் ஞாபகம் இருக்கும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று மாறும். இன்று கிடைப்பவற்றில் முதல் பிள்ளைத்தமிழ், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது.

இதில் என்னை நிறுத்தியது, பருவங்களின் உடல் அசைவுகள். செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. சப்பாணி என்பது இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டுவது. செங்கீரைக்கு 5ஆம் மாதம், சப்பாணிக்கு 9ஆம் மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்றைக்கு எந்தக் குழந்தை மருத்துவரிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே மாதங்களைத்தான் சொல்வார். தளர்நடை நடந்து வருவதைப் பாடும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டி வருகிறது. யாரோ பல தலைமுறையாகக் குழந்தைகளை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பருவங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் மாதக் கணக்கு நூலுக்கு நூல் மாறுகிறது. மாறியதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த எண்கள் புலவர் எந்த வரிசையில் பாட வேண்டும் என்பதற்கானவை. பக்கத்து வீட்டுக் குழந்தை 5ஆம் மாதத்தில் செங்கீரை ஆடவில்லையே என்று கவலைப்படுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. பட்டியலை வைத்து உண்மையான ஒரு குழந்தையை அளக்கும் வழக்கம் வேறு ஊரில், வேறு காரணத்துக்காகப் பிறந்தது.

அப்பாக்களின் டைரி

முதலில் வந்தவை டைரிகள். ஜெர்மனியில் டீட்ரிக் டீடெமன் என்ற தத்துவப் பேராசிரியர், 1781இல் பிறந்த தன் மகனைக் கவனித்துக் குறிப்பெடுத்து 1787இல் வெளியிட்டார். சார்லஸ் டார்வினும் இதைச் செய்தார். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27ஆம் தேதி பிறந்தான். ஏழாவது நாளே, குழந்தையின் உள்ளங்காலில் ஒரு காகிதத் துண்டால் தொட்டுப் பார்த்து, அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதையும் விரல்களை மடக்கியதையும் எழுதி வைத்தார். அந்த நோட்டு அப்படியே கிடந்தது. பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தேன் ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொண்ட விதம் பற்றி எழுதிய கட்டுரை 'மைண்ட்' இதழில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான், 37 வருஷத்துக்கு முந்தைய குறிப்புகளைத் தூசி தட்டி, 1877இல் அதே இதழில் வெளியிட்டார். ஐந்து வருஷம் கழித்து, 1882இல், வில்ஹெல்ம் பிரேயர் தன் மகனின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

இவர்கள் மூவரும் அபாரமாகக் கவனித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் இருந்தது ஒரே ஒரு குழந்தை. அதுவும் தன் குழந்தை. மற்ற குழந்தைகள் எப்படி என்று அந்த டைரிகளால் சொல்ல முடியாது. ஒரே ஒரு யூசரை வைத்துச் சோதனை செய்துவிட்டு மென்பொருளை வெளியிட்ட கதை.

நியூ ஹேவன் நகரத்து 107 குழந்தைகள்

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் ஆர்னால்டு கெசல். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்தில், யேல் பல்கலைக்கழகத்தில் 1911இல் குழந்தைகளுக்கான ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். பிறகு அங்கே அவர் கட்டிய குவிமாட அறை ரொம்பப் பிரபலம். நடுவில் ஒரு கட்டில், அதில் குழந்தை. குவிமாடத்தின் வளைவில் தண்டவாளம் மாதிரி அமைத்து அதில் சினிமா கேமரா நகரும். வெளியில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியும், உள்ளிருந்து பார்த்தால் வெளியே யாரும் தெரியாது. குழந்தை எப்படித் திரும்புகிறது, மணியை எப்படி எடுக்கிறது, எந்த வாரத்தில் முட்டி போடுகிறது என்று பிரேம் பிரேமாகப் பார்த்தார்கள். 1934இல் வந்த அவருடைய படத்தொகுப்பில் 3,200 புகைப்படங்கள்.

இந்த ஆய்விலிருந்துதான் "28 வாரக் குழந்தை", "40 வாரக் குழந்தை" போன்ற பேச்சு வழக்கத்துக்கு வந்தது. 1940களில் பெற்றோருக்காக அவர் எழுதிய புத்தகங்கள் வழியாக அது வீடுகளுக்குள் நுழைந்தது. நாம் போனில் பார்க்கும் பட்டியல்களுக்குப் பாட்டன் இதுதான்.

அளக்கப்பட்ட குழந்தைகள் யார்? 107 பேர். நியூ ஹேவன் வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்கள். பெற்றோர் வட ஐரோப்பிய வம்சாவளி. கெசல் இதை வேண்டுமென்றே செய்தார். ஒரே மாதிரியான குழந்தைகளை எடுத்தால்தான் வளர்ச்சியின் வரிசை தெளிவாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அதில் தப்பு இல்லை, அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் எண் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவும்போது, அது யாரை அளந்து வந்தது என்ற குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது "40 வாரக் குழந்தை" மட்டும்.

கெசலின் இன்னொரு நம்பிக்கை, வளர்ச்சிக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது. 1929இல் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருத்திக்கு 46ஆவது வாரத்திலிருந்து ஆறு வாரம் படியேறப் பயிற்சி. மற்றவளுக்கு ஒன்றும் இல்லை. 53ஆவது வாரத்தில் பார்த்தால் பயிற்சி இல்லாதவளும் தானாகப் படியேறினாள். இரண்டே வாரப் பயிற்சியில் சகோதரியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டாள். உடம்பு தயாராகும்போது தானாக வரும், அவசரப்படுத்தாதே என்பது இதன் பாடம். எங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது, "இதைத்தானே நான் அப்பலேருந்து சொல்றேன்" என்றார் என் மாமனார்.

கடிகாரம் மட்டும்தானா?

வேய்ன் டென்னிஸ் என்ற உளவியலாளர் முதலில் கெசல் பக்கம் சாய்ந்தவர்தான். அவரும் அவர் மனைவியும் அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களிடம் போனார்கள். அங்கே கைக்குழந்தையைத் துணியால் சுற்றி ஒரு பலகையில் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. சில ஊர்களில் அந்த வழக்கம் விட்டுப்போயிருந்தது. பலகையில் கட்டப்பட்ட குழந்தைகள் தாமதமாக நடப்பார்கள் என்றுதானே நமக்குத் தோன்றும்? 1940இல் வந்த அவர்கள் முடிவு, இரண்டு வகைக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வயதில், 15 மாதத்தை ஒட்டி, நடந்தார்கள் என்பது.

இந்த 15 மாதத்தை நான் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அங்கே யாருக்கும் அது தாமதமாகத் தெரியவில்லை.

ஆனால் 20 வருஷம் கழித்து அதே டென்னிஸ் தன் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டி வந்தது. டெஹ்ரானில் இருந்த குழந்தைகள் காப்பகங்களைப் பற்றி 1960இல் அவர் எழுதினார். அவற்றில் இரண்டில், கைக்குழந்தைகள் நாள் முழுக்கக் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தார்கள். தூக்க ஆள் இல்லை. குப்புறப் போடவோ உட்கார வைக்கவோ யாருக்கும் நேரம் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உட்காரவில்லை. மூன்று வயது தாண்டியவர்களிலும் பெரும்பாலோர் நடக்கவில்லை. நகரத் தெரிந்தவர்களும் தவழவில்லை, உட்கார்ந்த வாக்கில் சறுக்கித்தான் நகர்ந்தார்கள். குப்புறக் கிடந்தே பழகாத குழந்தைக்குத் தவழ வழி தெரியாது என்பது அவர் விளக்கம். மூன்றாவது காப்பகத்தில் தூக்கி, மடியில் வைத்து, குப்புறப் போட்டு, விளையாட விட்டு வளர்த்தார்கள். அங்கே இரண்டு வயதில் ஏறக்குறைய எல்லாருமே நடந்தார்கள்.

ஹோப்பிக் குழந்தை பலகையில் கட்டப்பட்டிருந்தாலும் அம்மாவின் பக்கத்தில், பேச்சும் சிரிப்பும் நிறைந்த வீட்டில் இருந்தது. சில மாதங்களில் கட்டும் தளர்ந்துவிடும். டெஹ்ரான் குழந்தையின் கைகாலை யாரும் கட்டவில்லை. எடுத்து வைத்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். உள்ளே கடிகாரம் இருக்கலாம், அதற்குச் சாவி கொடுக்கவும் ஒரு கை வேண்டும்.

அந்தக் கை எதைப் பழக்குகிறதோ அது முந்தியும் வரும். கென்யாவில் கிப்சிகிஸ் மக்களிடம் சார்லஸ் சூப்பர் 1970களில் செய்த ஆய்வு இதைக் காட்டுகிறது. அங்கே அம்மாக்கள் தரையில் சின்னக் குழி தோண்டி, துணியை அண்டக்கொடுத்துக் குழந்தையை உட்கார வைத்துப் பழக்குவார்கள். நடக்கவும் பழக்குவார்கள். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஒரு மாதம்போல முன்னதாகவே உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். ஆனால் யாரும் பழக்காத தவழ்தலில் அந்த முந்தல் இல்லை. என் அம்மா அனுப்பிய நடைவண்டியை அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தேன்.

புள்ளி பட்டையான கதை

இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது ஒரே எண்ணைப் போட்டு என்ன பயன்? 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் பிராங்கன்பர்க், டாட்ஸ் என்ற இருவர் வெளியிட்ட பரிசோதனைத் தாள் இந்தக் கேள்விக்கு எளிமையான விடை சொன்னது. 1,036 குழந்தைகளைப் பரிசோதித்துவிட்டு, ஒவ்வொரு திறனுக்கும் ஒரு எண்ணுக்குப் பதிலாக ஒரு நீளப் பட்டையை வரைந்தார்கள். 25 சதவீதக் குழந்தைகள் செய்யும் வயதில் பட்டை ஆரம்பிக்கும், 90 சதவீதம் பேர் செய்யும் வயதில் முடியும்.

மென்பொருள்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சர்வர் சராசரியாக 200 மில்லிசெகண்டில் பதில் சொல்கிறது என்றால் அதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாதிக் கோரிக்கைகள் எவ்வளவு நேரத்தில் முடிகின்றன, 95 சதவீதம் எவ்வளவு நேரத்தில் முடிகின்றன என்று பிரித்துப் பார்த்தால்தான் எது வழக்கம், எது கோளாறு என்று தெரியும். நடுப்புள்ளியைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் அலாரம் அடித்தால் ராத்திரி முழுக்க அலாரம்தான். 12 மாதம் என்பது நடுப்புள்ளி என்றால், பாதிக் குழந்தைகள் அன்றைக்கு நடக்காமல்தான் இருப்பார்கள்!

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கு இதை இன்னும் விரித்தது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகள். எல்லாருமே நல்ல சத்துணவும் கவனிப்பும் கிடைத்தவர்கள். இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். யார் துணையும் இல்லாமல் நடப்பதன் சராசரி 12 மாதத்தை ஒட்டித்தான் வந்தது. ஆனால் பட்டை 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதத்தில் முடிந்தது. ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே ஒன்பது மாத வித்தியாசம். முட்டி போட்டுத் தவழ்வதற்கு 5.2 முதல் 13.5 மாதம் வரை. 4.3 சதவீதக் குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை. எங்கள் வீட்டுச் சறுக்கு ராணி தனியாள் இல்லை.

2022இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் பட்டியலைத் திருத்தியபோது, பாதிக் குழந்தைகள் செய்யும் வயது என்ற அளவுகோலை விட்டுவிட்டு, 75 சதவீதமோ அதற்கு மேலோ செய்யும் வயதுக்கு மாறியது. பிடிக்காமல் நடப்பது இப்போது 18 மாதப் பட்டியலில் இருக்கிறது. தவழ்தல் பட்டியலிலேயே இல்லை. இதைப் பிசியோதெரபி நிபுணர்கள் பலர் எதிர்த்தார்கள். குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பென்சில் வைத்துப் பார்த்த டாக்டர்

15ஆம் மாதத்தில் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் மேஜையில் ஒரு தாள் இருந்தது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 1991இல் வெளியிட்ட அட்டவணை. இதற்கு அடிப்படை, பரோடாவில் பிரமிளா பாட்டக் நம் நாட்டுக் குழந்தைகளை வைத்து எடுத்த அளவுகள். இரண்டு வயது வரைக்கும் மொத்தம் 17 திறன்கள், 17 பட்டைகள். அங்கன்வாடி ஊழியர்கூட சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

டாக்டர் குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைத்தார். "பென்சிலுக்கு இடது பக்கம் முடிஞ்சு போன பட்டையில ஏதாவது செய்யாம இருந்தா நாம யோசிக்கணும். நடக்கிற பட்டை மேல பென்சில் போகுது பாருங்க, அது இன்னும் முடியல" என்றார். பிறகு மகளை உட்கார வைத்து, நிற்க வைத்து, கால்களின் பலத்தைப் பார்த்தார். "சறுக்குற பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தான் நடக்கும். 18 மாசத்துல நடக்கலைன்னா கண்டிப்பா வாங்க." மனைவி அந்த "கண்டிப்பா"வைப் பிடித்துக்கொண்டாள், நான் "லேட்டாத்தான்" என்பதைப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்.

சேர்த்துச் சொல்ல வேண்டியதன் காரணம் எனக்கு அடுத்த வருஷம் புரிந்தது. நண்பர் ஒருவரின் பையன் 20 மாதம் ஆகியும் நடக்கவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டுதான், தானா வரும்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பட்டைக் கதையைச் சொன்னேன். பட்டையின் வலது முனையைத் தாண்டிவிட்டது, ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றேன். தசைகளில் ஒரு பிரச்சினை இருந்தது. பிசியோதெரபி தொடங்கினார்கள். இன்று அந்தப் பையன் பள்ளிக்கு நடந்து போகிறான். ஓடமாட்டான், ஆனால் நடக்கிறான். இன்னும் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிகிச்சை கொடுத்தவர் சொன்னதை நண்பர் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

ஆக, பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லி இதை எழுதவில்லை. அதன் நடுப்புள்ளியைக் கெடுவாக நினைத்து ஒரு வயதுக் குழந்தையை நிற்க வைத்து அழ விட வேண்டாம். அதே பட்டையின் வலது முனையை "தானா வரும்" என்று தாண்டிப் போகவும் வேண்டாம். இரண்டுமே ஒரே தாளைத் தப்பாகப் படிப்பதுதான்.

மகள் 16 மாதம் முடிந்து மூன்றாவது வாரத்தில் நடந்தாள். நடைவண்டியை அவள் கடைசிவரை தள்ளவே இல்லை, அதில் பொம்மையை உட்கார வைத்து, தான் பக்கத்தில் சறுக்கிக்கொண்டு போனாள். நடந்த அன்று அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல, நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் சீக்கிரம் நடந்துரும்னு" என்றார்.